தலையில் அடித்த சத்தியம்

என் வாயைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். யாரோ சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம். கல்வராயன் மலையில் ஏழு வருஷம் கிராம நர்சாக இருந்தேன். "பெரியநாயகி நர்சு வந்தா வூட்டு நாயிகூட வாலைச் சுருட்டிக்கும்" என்பார்கள். அது பொய்யில்லை. புகுந்த வீட்டிலும் என்னோடு யாரும் இரண்டாவது வார்த்தை பேசமாட்டார்கள். இந்த வாய்க்கு அடங்காத ஒரே ஆள் ஈச்சங்காட்டுப் பழனியம்மாளின் மகள் சந்திரலேகாதான். நாலு வயசு. நான் பிரசவம் பார்த்து நானே பேர் வைத்த பிள்ளை.

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் ஈச்சங்காடு. பதினெட்டு வீடு, சாமைக் கொல்லை, ஊருக்குக் கீழே ஓர் ஓடை. ஓட்டுக் கட்டிடத்தில் ஒற்றை அறை எனக்கு. ஊசி போடுவதும் அங்கேதான், சோறு பொங்குவதும் அங்கேதான். விடிந்தால் லேகா பல்கூட விளக்காமல் வாசலில் வந்து நிற்பாள்.

"நர்சம்மா, உன் தண்ணி குடு."

"ஏன், உங்க வூட்ல தண்ணி இல்லியா?"

"அது எங்க தண்ணி. நீ உன் தண்ணி குடு."

என் தண்ணீர் என்றால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூக்கு நனைய நனையக் குடித்துவிட்டு "ஆங்" என்று ஒரு பெருமூச்சு விடுவாள். பிறகு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள். அந்த நேரத்தில் அவள் உச்சந்தலையை முகர்ந்து பார்ப்பது என் வழக்கம்.

காரணம் இருக்கிறது. எனக்கும் அதே வயசில் ஒரு மகள், சந்தியா. கீழே தியாகதுருகத்தில் என் நாத்தனார் வீட்டில் வளர்ந்தாள். சனிக்கிழமை இறங்குவேன், திங்கள் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். நாத்தனாரை அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். என்னைப் பார்த்தால் நாத்தனாரின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். வாரத்தில் ஐந்து நாளும் எனக்கு அந்தப் பிள்ளை ஏக்கம்தான். சோற்றைப் பிசைந்தால் அவள் ஞாபகம், ஊசியைக் கொதிக்க வைத்தால் அவள் ஞாபகம். கீழே மாற்றல் கேட்டு எழுதி எழுதி என் பேனாதான் தேய்ந்தது.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், ஐப்பசி கடைசி. அடைமழை. சடையன் என்பவரின் ஆறு வயசுப் பையனுக்கு விடியற்காலையில் பேதி ஆரம்பித்தது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி போனது. எனக்கு ஆள்விட்டது பத்து மணிக்குத்தான். நான் போனபோது கண் குழிக்குள் போய்விட்டிருந்தது, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளின இடம் அப்படியே நின்றது. சாயங்காலத்துக்குள் பையன் போய்விட்டான். பாட்டிலில் எடுத்துவைத்திருந்த சாம்பிளைக் கீழே லேபுக்குக் கொடுத்தனுப்பினேன். பார்த்த கண்ணுக்கு அது காலராதான்.

மறுநாள் என் வாயை அவிழ்த்துவிட்டேன். தண்ணீரைக் காய்ச்சுங்கள் என்று ஏழு வருஷமாகச் சொன்னேன், கேட்டார்களா? செவிடன் காதில் ஊதின சங்குதான். ஆனால் அந்த மலையில் ஒன்று உண்டு. பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டால், உயிரே போனாலும் தவறமாட்டார்கள். தவறினால் அந்தத் தலைக்கு ஆகாது. சத்தியத்தை வாங்கிக்கொண்டவர்தான், ஊர் பார்க்க, அந்தத் தலையில் ஒரு கைத்தண்ணீர் விட்டு இறக்க வேண்டும். இறக்காதவரை அது தலைமேலேயே நிற்கும்.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். படிப்பால் ஏறாதது சத்தியத்தால் ஏறும் என்று எனக்குப் பெருமை வேறு. வீடு வீடாகப் போய் ஒவ்வொரு தாயிடமும் சத்தியம் வாங்கினேன். பழனியம்மாள் அப்போதுதான் ஓடையிலிருந்து இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். லேகா குடத்தில் கைவிட்டு அள்ளிக் குடித்தபடி கூடவே நடந்து வந்தாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, அவள் இறக்கி வைத்த குடத்தை எட்டி உதைத்தேன்.

"பக்கத்து வூட்ல எழவு வுழுந்திருக்குது, நீ பச்சைத் தண்ணியக் குடுக்கிறியா? காய்ச்சாத தண்ணி ஒரு சொட்டு இவ வாயில பட்டுச்சுன்னு வெச்சிக்கோ, நீயே கொன்ன மாதிரி. அடிடி சத்தியம்!"

"அடிக்கிறங்க நர்சம்மா. கோச்சிக்காதீங்க" என்று பழனியம்மாள் லேகாவின் தலையில் கையை வைத்து அடித்தாள். அது விளையாட்டு என்று நினைத்து லேகா சிரித்தாள். "இன்னொரு வாட்டி" என்று தலையைக் காட்டினாள்.

உப்புச்சர்க்கரைப் பொட்டலமும் வீட்டுக்கு இரண்டு கொடுத்தேன். "பேதின்னா காய்ச்சின தண்ணியில கலக்கிக் குடுங்க" என்றேன். சொல்ல வேண்டியது அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை லேபிலிருந்து தாள் வந்தது. 'காலரா இல்லை.' கீழே மேலதிகாரியும் "சாதாரணப் பேதிம்மா, நீ ஒண்ணும் ஊரைக் கெளப்பாத" என்று சொல்லியனுப்பினார். டீம் வராது, பிளீச்சிங் பவுடர் வராது. எனக்கென்ன வந்தது? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம். காலரா என்று வந்திருந்தால் நான் மலையை விட்டு இறங்கியிருக்க முடியாது. இல்லை என்று வந்ததால் சனிக்கிழமை சந்தியாவைப் பார்க்கலாம். தாளை மடித்து ரவிக்கையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

இட ஒதுக்கீட்டுச் சண்டை உச்சத்தில் இருந்த காலம் அது. மண்டல் தீர்ப்பு வந்த கையோடு எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ராஜாங்கம் மூங்கில்துறைப்பட்டு மில்லில் வேலை பார்ப்பவர், எண்பத்தேழு மறியலிலேயே ஜெயிலுக்குப் போய்வந்தவர். திங்களும் செவ்வாயும் மறியல் என்று முடிவாகிவிட்டது. திங்கள் காலையில் ஒரு பஸ்ஸும் இல்லை. கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினவர் வாசலில் நின்று திரும்பினார்.

"இந்தா, கரும்பு டிராக்டர் ஒண்ணு உள்வழியா கச்சிராயபாளையம் வரிக்கும் போவுது. அங்கேருந்து ஜீப்பு புடிச்சிக்கலாம். நர்சுன்னா நம்ம பசங்க வுட்டுடுவாங்க. போறியா?"

சந்தியா என் மடியில் படுத்துக்கொண்டு என் வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளாக வந்து படுத்தது அதுதான் முதல் தடவை.

"காலரா இல்லன்னுதான் வந்துடுச்சே. பஸ்ஸு ஓடட்டும், போறேன்" என்றேன்.

அன்றைக்கு அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன், தலை பின்னி கனகாம்பரம் வைத்தேன். மத்தியானம் தூக்கத்திலிருந்து எழுந்து "அம்மா எங்க?" என்று கேட்டாள். நாத்தனார் வந்து குனிந்தாள். "நீ இல்ல அத்தே, அம்மா" என்று என்னைக் காட்டினாள். எத்தனை வருஷத்துத் தவம் அது! அந்த ஒரு நாளை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது. அதுதான் கொடுமை.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் மலை ஏறினேன். மழை விட்டிருந்தது. பழனியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வீட்டுக்குள் சத்தமில்லை. லேகா எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"திங்கக்கெழம வெடியக்காலையில பேதி ஆரம்பிச்சுதுங்க. நேத்து உச்சிப்பொழுதுல பூட்டா. அவங்கப்பன் கீழ கரும்பு வெட்டப் போனது இன்னும் வர்ல."

பிறகு கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல, ஒன்றும் விட்டுவிடக்கூடாது என்று.

"வெறவெல்லாம் ஊறிப்போச்சு நர்சம்மா. ஊதி ஊதிப் பாத்தேன், பொகைதான் வந்துது. மத்தியானம் ஒரு சொம்பு காஞ்சுது. ஆத்திக் குடுத்தேன், அப்படியே கக்கிட்டா. இன்னும் குடுன்னா. அடுப்பு அணைஞ்சு பூட்சு. ஓடையில தண்ணி பொரண்டுக்கினு ஓடுது, இவ தண்ணி தண்ணின்றா. கூரையிலேருந்து ஒழுகுற தண்ணிக்கு நாக்க நீட்டிக்கினு போனா, இழுத்து மடியில வெச்சிக்கினேன். ஒரு சொட்டு குடுக்கலீங்க. சத்தியம் தவறவே இல்லீங்க. அப்புறம் ஏங்க போயிட்டா?"

பொட்டலங்கள் இரண்டும் கூரைச் செருகலில் பிரிக்காமல் இருந்தன. "காய்ச்சின தண்ணியிலதான் கலக்கணும்னீங்களே" என்றாள்.

"'நர்சம்மா எப்ப வரும், அது தண்ணி வெச்சிருக்கும்'னு கேட்டுக்கினே இருந்தா."

எனக்குத் தெரியும், ஐயா, நன்றாகத் தெரியும். வியாதி வராமல் இருக்கத்தான் காய்ச்சின தண்ணீர். வந்துவிட்டால், போகிற தண்ணீருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடைத் தண்ணீரோ கூரைத் தண்ணீரோ, கிடைத்ததில் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுச் சங்கு சங்காகப் புகட்டினால் பத்தில் ஒன்பது பிள்ளை பிழைத்துக்கொள்ளும். பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். முதல் பாதியைக் குடத்தை உதைத்துச் சொன்னேன். இரண்டாவது பாதியைச் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு விடிந்தால் என் வாசல் காலியாக இருந்தது. டம்ளரில் தண்ணீர் ஊற்றிவைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். பைத்தியம் என்பீர்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த "ஆங்" கேட்டால் போதும் என்றிருக்கும். பழனியம்மாள் மட்டும் தினமும் ஒரு சொம்பைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு என் வாசலைத் தாண்டிச் சாமைக் கொல்லைப் பக்கம் போவாள். வேலைக்குக் கஞ்சி கொண்டுபோகிறாள் என்று நினைத்தேன். தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மாசியில் சம்பள வேலையாகக் கீழே போனபோது லேப்காரர் தமிழரசன் கூப்பிட்டார்.

"சிஸ்டர், உங்க மலைப் பையன் கேஸு காலராவாத்தான் இருந்திருக்கும். புது வகை ஒண்ணு கெளம்பியிருக்குதாம். மெட்ராஸு, கல்கத்தா எல்லா எடத்துலயும் இதே கதைதான். நம்மகிட்ட இருக்கிற டெஸ்ட் மருந்து பழைய காலராவத்தான் புடிக்கும், இதப் புடிக்காது. நூத்தி முப்பத்தொம்போதுன்னு நம்பர் போட்டிருக்காங்க. யாரையும் தப்பு சொல்ல முடியாது."

"அடப் பாவி மனுஷா, ஒரு தாளு இல்லன்னு சொன்னதுக்கு நான் மலைய வுட்டு எறங்கினேனே" என்று சத்தம் போட்டேன். அவர் என்ன செய்வார், பாவம். ஆனால் பஸ்ஸில் வரும்போது மனசின் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. உலகத்துக்கே தெரியாத புதுக் கிருமி. என்றைக்காவது பழனியம்மாள் கேட்டால் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது.

அதற்குள் மற்ற வீடுகளில் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தேன். பேதி வந்தால் எந்தத் தண்ணீரானாலும் கொடுங்கள் என்றேன். யாரும் ஒப்பவில்லை. "சத்தியம் நிக்குதுங்களே. ஊரு முன்னால எறக்கி வுடுங்க, குடுக்கறோம்" என்றார்கள். ஊர் என்றால் பழனியம்மாளும் வந்து நிற்பாள். பச்சைத் தண்ணீர் கொடுத்திருக்கலாம் என்று அவள் காதுபட நான் எப்படிச் சொல்வது? சத்தியம் தவறவில்லை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஊரையே அதட்டுகிற வாய் அந்த ஒன்றுக்கு மட்டும் ஊமையாகிவிட்டது.

சித்திரையில், நல்ல வெயிலில், தங்கமணியின் மூன்று வயசுப் பையன் அருளுக்கு வந்துவிட்டது. அதே அரிசித் தண்ணீர். ஜீப்புக்கு ஆள் ஓடினான், வந்து சேர எப்படியும் நாலு மணி நேரமாகும். என் பானைத் தண்ணீர் முதல் மணி நேரத்திலேயே தீர்ந்தது. தங்கமணி அடுப்பில் குடம் குடமாகக் காய்ச்சினாள், ஆனால் அந்த வெயிலில் ஆறினால்தானே? பையன் சொம்பு சொம்பாகக் கழிகிறான், உள்ளே போவது அரை டம்ளர். கண் குழி விழ ஆரம்பித்தது.

"பச்சைத் தண்ணியில கலக்குடி" என்றேன்.

"அய்யோ, தலையில அடிச்சிருக்கேன் நர்சம்மா. எம்புள்ள போயிடும்" என்று பொட்டலத்தைப் பின்னால் மறைத்தாள்.

அவள் மறைத்த கையைப் பார்த்தேன். பழனியம்மாளும் இப்படித்தான் லேகாவை மடியில் இழுத்துப் பிடித்திருப்பாள். இதற்குமேல் தள்ள என்ன இருக்கிறது? வாசலில் நின்று ஊரைக் கூப்பிட்டேன். பதினெட்டு வீடும் வந்தது. பழனியம்மாள் கடைசியில் வந்து, கையில் மூடின சொம்போடு புளியமரத்தடியில் நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான் வாங்கின சத்தியம் தப்பு. நல்லா இருக்கிற புள்ளைக்குத்தான் காய்ச்சின தண்ணி. பேதி வந்துட்டா எந்தத் தண்ணியானாலும் குடுக்கணும், குடுக்கலன்னா புள்ள காஞ்சு செத்துப்பூடும். இது எனக்கு அன்னிக்கே தெரியும், நான் சொல்லல. எல்லா சத்தியத்தையும் எறக்கறேன்."

ஓடைத் தண்ணீரைக் கையில் அள்ளி அருளின் தலையில் விட்டேன். பிறகு வரிசையாக ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் விட்டேன். தங்கமணி அழுதுகொண்டே பொட்டலத்தைக் குடத்துத் தண்ணீரில் கொட்டினாள். சங்கில் மொண்டதைப் பாதிக்குமேல் சிந்தினாள். பழனியம்மாள் வந்து சொம்பைச் சுவரோரம் வைத்துவிட்டு, தங்கமணியின் கையிலிருந்த சங்கை வாங்கினாள். ஜீப் வரும்வரை அவள்தான் புகட்டினாள். கக்கினால் துடைத்துவிட்டு மறுபடியும் புகட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. பையன் ஜீப்பில் ஏறும்போது பசிக்கிறது என்று அழுதான். அந்த அழுகையைக் கேட்டுத் தங்கமணி சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் என் வாசலில் யாரோ நிற்கிற சத்தம். ஒரு கணம், பாழும் மனசு, லேகா என்றே நினைத்துவிட்டது. பழனியம்மாள்தான்.

"எல்லாருக்கும் எறக்கினீங்க. எனக்கு எறக்கலியே நர்சம்மா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "வாங்க" என்று முன்னால் நடந்தாள். கையில் அதே சொம்பு. சாமைக் கொல்லையைத் தாண்டிப் பாறை ஓரத்தில் சின்ன மண்மேடு, நரி தோண்டாமல் இருக்க மேலே கல்லும் முள்ளும் வைத்திருந்தார்கள். சொம்பின் துணியை எடுத்தாள். தண்ணீர்.

"தெனமும் காய்ச்சி ஆத்திக்கினு வந்து ஊத்தறேன். வேலைக்கு ஓடறதுக்குள்ள ஒரு சொம்புதாங்க ஆறுது. அவளுக்கு இது பத்தாது. ஓடையில மொண்டு ஊத்தலாம்னு பாத்தா, சத்தியம் அவ தலைமேல நிக்குது."

ஐந்து மாசம். ஐந்து மாசமாக என் வாசலைத் தாண்டிப் போனது இந்தத் தண்ணீர்.

அவள் மேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அன்னிக்கு ஓடைத் தண்ணிய குடுத்திருந்தா இருந்திருப்பாளா?"

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது புதுசாக வந்த கிருமி, பழனியம்மா, டாக்டருங்களுக்கே தெரியாது, லேபுக்கே பிடிபடவில்லை. அத்தனையும் உண்மை. அதைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், நானும் தப்பித்திருப்பேன். ஆனால் புதுக் கிருமியோ பழைய கிருமியோ, தாகம் ஒன்றுதானே?

"இருந்திருப்பா. அருள் இருக்கிறாப்பல இருந்திருப்பா. தப்பு ஒம்மேல இல்ல, எம்மேலதான். என்ன வேணும்னாலும் பண்ணு என்னைய" என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்க மாட்டாளா என்று ஏங்கினேன். அவள் உட்கார்ந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தாள். கல்லை நகர்த்தினாள். தலைமாட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"எறக்கி வுடுங்க."

குனிந்தேன். அந்தச் சொம்புத் தண்ணீரைத்தான் கையில் ஊற்றிக்கொண்டு, அவள் காட்டின இடத்தில் விட்டேன். மண் உடனே குடித்துவிட்டது. "எறக்கிட்டேன்டி கண்ணு" என்றேன்.

பழனியம்மாள் சரிவில் இறங்கி ஓடினாள். திரும்பி வரும்போது இடுப்பில் குடம், விளிம்பு தளும்ப ஓடைத் தண்ணீர். நான் அன்று உதைத்ததில் நசுங்கின அதே குடம். மூச்சு வாங்க மண்டியிட்டு, குடத்தைச் சாய்த்து, அவசரப்படாமல் முழுசாக ஊற்றினாள்.

"குடிடி லேகா. நர்சம்மா சொல்லிட்டாங்க. எவ்ளோ வேணும்னாலும் குடி."